மத்தி மீனும் கடலடிச் சேறும்



தோட்டத்துக் கடையில் டின்னில் விற்கும் சாடின் மீனை அறியாத பிள்ளை நம்மில் இல்லை. அதைத் தமிழில் மத்தி என்போம். மத்தியை நம்பி வாழ்ந்த ஓர் ஊரைப் பற்றியும், அந்த ஊரின் வழக்கில் கடலடிச் சேறு சொன்ன சாட்சியைப் பற்றியும் இன்று பேசுவோம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளது மான்டெரே. முதல் உலகப் போர்க் காலத்தில் டின் உணவுக்குக் கிராக்கி ஏற்பட, அங்கே மீன் ஆலைகள் பெருகின. இத்தாலியர், ஜப்பானியர், சீனர், பிலிப்பினோக்கள் எனப் பல நாட்டாரும் அங்கே பிழைப்புத் தேடினர். படகு மீனோடு கரை சேர்ந்தால் ஆலைச் சங்கு ஊதும். ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி ஓசை. தங்கள் ஆலையின் சங்கு கேட்டால், நடுச்சாமமானாலும் பெண்கள் எழுந்து ஓட வேண்டும். மீன் உள்ளவரை வேலை; தீர்ந்தால் வீடு. இருட்டோடு பிரட்டுக்குப் போய், மழை வந்தால் வேலையின்றித் திரும்பிய நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1936-37 பருவத்தில் அந்தக் கரையோரம் பிடிபட்ட மத்தி 7 லட்சம் டன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போகவில்லை. எண்ணெயாகவும் கோழித் தீவனமாகவும் போயிற்று. இப்படி அள்ளினால் மீன் தாங்காது என்று மாநில மீன்வளத் துறையின் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். ஆலைக்காரர்கள் செவிசாய்க்கவில்லை. 1940களின் பிற்பாதியில் மீன் சட்டென்று அற்றுப்போயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1967இல் மத்தி பிடிப்பதற்கே மாநில அரசு தடை விதித்தது. மான்டெரேயின் கடைசி ஆலை 1973இல் மூடியது.

இது யார் குற்றம்? வலையின் குற்றம் என்றார்கள் சிலர். கடலின் போக்கு மாறிவிட்டது என்றார்கள் வேறு சிலர். தீர்ப்புச் சொல்லப் பழைய கணக்கு வேண்டும். மனிதன் எழுதிய கணக்கோ ஆலைகள் வந்த பிறகு எழுதியது. அதற்கு முந்திய கணக்கைக் கடல்தான் வைத்திருந்தது.

எப்படி என்று பார்ப்போம். வசந்த காலத்தில் அந்தக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால், காற்று தள்ளும் மேல்நீர் நேரே தெற்கே போகாமல் கரையைவிட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதில் உரச்சத்து அதிகம். கண்ணுக்குப் புலப்படாத டயாட்டம் என்னும் பாசிவகை அதில் செழித்து வளர்கிறது. அதுதான் மத்திக்கும் நெத்திலிக்கும் உணவு வளம்.

தின்றது போக மிஞ்சியதும், செத்ததும், கழிவும் அடியை நோக்கி இறங்குகின்றன. இறங்கும்போதே மட்கி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. மான்டெரேக்குத் தெற்கே, சாந்தா பார்பரா என்னும் ஊருக்கு எதிரே, கடலடியில் கிண்ணம்போல் ஒரு பள்ளம் உண்டு. ஆழம் சுமார் 580 மீட்டர். அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும் நீரிலேயே பிராணவாயு குறைவு. உள்ளே அதுவும் தீர்ந்துபோகிறது. சருகு மேட்டில் கிடந்தால் மட்கி மண்ணாகும். அசையாத குட்டையின் அடியில் கிடந்தால் கறுத்து, நாறி, நெடுநாள் கிடக்கும். அதே கதைதான் இங்கும். மண்ணைக் கிளறும் புழுவும் அங்கே வாழ முடியாது. ஆகவே விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது.

கோடையில் டயாட்டம் ஓடுகள் விழுந்து வெளிறிய படலம். மாரிக்கால மழையில் ஆறுகள் கொண்டுவரும் களிமண்ணால் கறுத்த படலம். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. கனம் சில மில்லிமீட்டர்தான். பால்மரத்தின் வெட்டுப்பட்டையைப் பார்த்து எத்தனை காலம் வெட்டிய மரம் என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தப் படிப்புதான் இதற்கும்.

ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ சூட்டர் இந்தச் சேற்றைப் படலம் கலையாமல் வெட்டி எடுத்தார். எக்ஸ்ரே படம் பிடித்து ஆண்டுகளை எண்ணினார். பிறகு சேற்றைக் கழுவிச் சல்லடையில் இட்டு, மீன் செதில்களைப் பொறுக்கினார். நாமாயிருந்தால் இரண்டாம் நாளே சலித்துப் போயிருப்போம். மத்திச் செதில் வேறு, நெத்திலிச் செதில் வேறு, பார்த்தால் தெரியும். 1969இல் அவரும் ஜான் ஐசக்சும் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். 1992இல் சூட்டர், பாம்கார்ட்னர் முதலியோர் அதை விரித்து எழுதினார்கள்.

1,700 ஆண்டுக் கணக்கு அது. அந்தக் காலத்தில் மத்தி ஒன்பது முறை பெருகி, ஒன்பது முறை அருகியிருக்கிறது. இழந்ததை மீட்கச் சராசரி 30 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. ஆலையும் இயந்திரப் படகும் இல்லாத காலத்திலேயே இப்படி!

அப்படியானால் ஆலைக்காரர்கள் குற்றமற்றவர்களா? நாம் அப்படிக் கருதவில்லை. மீன் தானாகக் குறையும் காலம் ஒன்று உண்டு என்றுதான் சேறு சொல்கிறது. அந்தக் காலத்திலும் வலையைச் சுருக்காமல் வீசியது மனிதன்தான். நோயாளியின் தோளில் மூட்டையை ஏற்றிவிட்டு, நோயால் விழுந்தான் என்று சொல்வதா? எச்சரித்தவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால் வீழ்ச்சி இத்தனை ஆழமாகப் போயிருக்காது. முதலாளிகள் வேறு தொழில் பார்த்துக்கொண்டார்கள். சங்கொலிக்குக் காத்திருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று எந்தச் சேறும் எழுதி வைக்கவில்லை.

மத்தி திரும்பி வந்தது உண்மை. 1986இல் தடையைத் தளர்த்தினார்கள். மறுபடி குறையவே, 2015இல் அமெரிக்கக் கூட்டரசு மேற்குக் கரையின் பெரிய மத்தி மீன்பிடிப்பை நிறுத்தியது. இம்முறை மீன் குறைந்தபோது சட்டம் காத்திருக்கவில்லை. 1973இல் மூடிய அந்தக் கடைசி ஆலை இருந்த இடத்தில், 1984 முதல் ஒரு மீன் காட்சிசாலை இருக்கிறது. அங்கே மத்திகள் கண்ணாடித் தொட்டிக்குள் கூட்டமாகச் சுற்றி வருகின்றன.