உற்றறிவு போனால் கையும் காலும் போகும் – வேலூர் தந்த பாடம்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டினார். எங்கள் சமண நூல்களும் உயிர்களை ஒருபொறி உயிர் முதல் ஐம்பொறி உயிர் வரை வரிசைப்படுத்துகின்றன. இரண்டிலும் முதற்படியில் நிற்பது ஒன்றே. அது தொட்டால் உணரும் அறிவு. உற்றறிவு என்பது தமிழ் வழக்கு. புல்லுக்கும் மரத்துக்கும்கூட உண்டு என்பதால் இது கடைசித் தரத்து அறிவு என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். கண் மங்கினால் மறுநாளே வைத்தியரிடம் ஓடுகிறோம். கால் மரத்துப் போனால் "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

அந்த எண்ணம் எவ்வளவு பிழை என்பதை உலகுக்கே காட்டிய வரலாறு ஒன்று நம் வட ஆர்க்காட்டு மண்ணில் நடந்தது. அதையே இம்மலருக்கு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஔந்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

சுட்ட கை

பிடிதுணி இல்லாமல் அடுப்புக் குண்டானைத் தொட்டுவிட்டால் கை தானே பின்னுக்கு வந்துவிடுகிறது. "சுட்டுடுச்சு" என்று நாம் அலறுவது அதற்குப் பிறகுதான். விரல் நுனியிலிருந்து சேதி ஒரு நரம்பு வழியே முதுகுத் தண்டுக்குப் போகிறது. அங்கேயே கட்டளை பிறந்து வேறொரு நரம்பு வழியே கைத்தசைக்குத் திரும்புகிறது. மடக்கும் தசை இழுக்கும்போதே எதிரிலுள்ள நீட்டும் தசை தளர்ந்து கொடுக்கிறது. மூளை அறியுமுன் வேலை முடிந்துவிடும். பள்ளிப் பாடத்தில் அனிச்சைச் செயல் என்று படித்தது இதைத்தான். இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இவ்வழிகளை ஆராய்ந்து 1906இல் பெரும் நூலாக வெளியிட்டார். 1932இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கடைக் கணக்கில் சொன்னால் வரவுச் சீட்டு வருவது ஒரு வழி, பட்டுவாடா போவது வேறு வழி. வரவே வராவிட்டால் பட்டுவாடா எங்கிருந்து நடக்கும்? இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வேலூருக்கு வாருங்கள்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேய மிஷனரித் தம்பதியரின் மகன். லண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அங்கே விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்திருந்த ஒரு நோயாளியிடம் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். நோயாளி பிடித்த பிடியில் பிராண்டுக்குக் கை வலித்தது. செயலற்றது என்று தோன்றிய கையில் இவ்வளவு பலமா?

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கிற்று. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுர்'ரென்று ஓடுமே, அந்த நரம்பு அங்கே தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த இடங்களை நாடும். ஆகவே இப்படி மேலாக ஓடும் நரம்புகளையே பிடிக்கிறது. உள்ளங்கையின் சிறு தசைகளுக்குக் கட்டளை போவது நிற்கிறது, விரல் வளைகிறது. ஆனால் முன்கையின் பெரும் தசைகள் பலவும் பிழைத்துக்கொள்கின்றன. விரலை மடக்க இரண்டு வரிசைத் தசைநாண்கள் உண்டு. அவற்றில் ஒரு வரிசையிலிருந்து எடுத்து விரலின் பக்கவாட்டில் மாற்றிக் கட்டினால் என்ன என்று பிராண்ட் துணிந்தார். 1948இல் வேலூரில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. மடக்கிப் பழகிய தசையை நீட்டும் வேலைக்குப் பழக்க வேண்டும் அல்லவா? மூளை புதுப் பாடம் படிக்கப் பல வாரப் பயிற்சி தேவைப்பட்டது. படித்தது!

ஆனால் கை நேரானவர்கள் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். இந்தக் கைக்குப் பிச்சையும் விழவில்லை, வேலையும் கிடைக்கவில்லை என்றார்கள். அவர்களுக்காக 1950களின் தொடக்கத்தில் தச்சு வேலையும் பொம்மை செய்யவும் கற்றுத் தரும் நவஜீவ நிலையம் ஏற்பட்டது. 1955இல் கரிகிரியில் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. நான் சிறுவனாயிருந்தபோது ஆரணிப் பக்கத்தில் எங்கள் களத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் கரிகிரி போய் வந்து மறுபடி அரிவாள் பிடித்தார். இருந்தும் அவருக்குக் கூழ் மட்டும் தூக்கித்தான் ஊற்றினோம். அந்த வெட்கம் இன்றும் எனக்குண்டு.

விரல் எங்கே போயிற்று?

தொழுநோயில் விரல் தானே அழுகி விழுகிறது என்று வைத்தியர்களே நம்பிய காலம் அது. பிராண்ட் ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் திணறினார். ஒரு சிறுவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். ஆனால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. உறங்குவோர் விரலை எலி கடித்த சேதியும் பின்னர் தெரிய வந்தது. வலி என்னும் காவற்காரன் இல்லாததால் காயம் மேல் காயம் பட்டு விரல் தேய்கிறது என்று அவர் கண்டார். தசை இருந்தது, பலம் இருந்தது. வரவுச் சீட்டுதான் வரவில்லை. 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் இன்று நோய் முற்றும் குணமாகும். செத்த நரம்பு உயிர்ப்பதுதான் அரிது.

இதே வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். கட்டளை போகாத கால்களை உடையவர் உணர்வு வராத கைகளைச் சீராக்கினார்! பின்னர் நியூயார்க்கில் பயின்று வந்து, 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு வித்திட்டார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். ஔந்தை அடுத்த கட்கியில் தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்கான மறுவாழ்வு மையத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரை நினைத்துக்கொள்வேன்.

என் காலடி

2022 சித்திரையில் போளூரை அடுத்த திருமலைக்கு நேமிநாதரைத் தரிசிக்கப் போனோம். உச்சி வெயிலில் வெறுங்காலோடு படி ஏறினேன். மற்றவர்கள் தத்தித் தத்தி வர, நான் நிதானமாக நடந்தேன். பக்தியின் பலன் என்று பெருமைகூடப் பட்டேன். இரவு என் வீட்டம்மாதான் பார்த்தாள்: இரு பாதத்திலும் கொப்புளம். எனக்குச் சர்க்கரை இருபது வருடமாக. புனே திரும்பியதும் மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார், தெரியவில்லை. குதிகாலுக்கு மேல் சிறு சுத்தியலால் தட்டினார், பாதம் துள்ளவில்லை. சேதி போகவில்லை, ஆகவே கட்டளையும் வரவில்லை. ஷெரிங்டனைப் படித்த எனக்கு என் காலிலேயே பரீட்சை!

காயம் ஆற நாற்பது நாள் ஆயிற்று. அப்போது எனக்குக் கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு. தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் வளர்த்தெடுத்த அதே மெத்தென்ற ரப்பர். ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் காலுக்காகக் கண்டது இன்று என் காலைத் தாங்குகிறது.

ஔந்து வாழ் அன்பர்களே, நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை? இரவு படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள்; குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போங்கள். வருடம் ஒரு முறையாவது மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். எறும்பையும் மிதிக்காமல் நடக்கச் சொன்ன அறம் எங்களுடையது. நம் பாதமும் ஓர் உயிரின் பாதம்தானே. அதற்கும் அந்த அருள் உரியது.