முன்சீப் மன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை

1989 வரை நம் திருவண்ணாமலையும் சோலையார்பேட்டையும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்து ஊர்கள். அச்சோலையார்பேட்டையில் 1920ஆம் ஆண்டு தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றில் தோன்றியவர் நீதியரசர் ஏ. வரதராசன். சட்டம் பயின்று 1944இல் வழக்கறிஞரானார். 1949இல் மாவட்ட முன்சீப் ஆனார். பின்னர் சார்பு நீதிபதியாகவும் மாவட்ட நீதிபதியாகவும் படிப்படியாக உயர்ந்தார்.

மாவட்ட நீதிபதி தீர்ப்புரைப்பவர் மட்டுமல்லர். கீழ் நீதிமன்றங்களின் அலுவலர், பதிவேடு, கணக்கு ஆகியவற்றை மேற்பார்க்கும் நிருவாகியும் ஆவார். அந்நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 235ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்திற்கு அளிக்கிறது. அவ்வுயர் நீதிமன்றத்தில் வரதராசன் 1973இல் நீதிபதியாக அமர்ந்தார். 1980 திசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1950இல் தோன்றிய அம்மன்றத்தில் நம்மவர் ஒருவர் அமர முப்பது ஆண்டுகள் ஆயின! 1985இல் ஓய்வு பெற்ற அவர் 2009இல் மறைந்தார்.

இளைஞர்களே! ஏழையின் வழக்கு முதலில் ஏறுவது கீழ் நீதிமன்றத்துப் படியையே. அங்கே அமர்வோர் யார் என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. வரதராசன் கால் வைத்ததும் அப்படியிலேயே. சட்டம் பயிலுங்கள், நீதித்துறைத் தேர்வு எழுதுங்கள், அப்படியில் நீங்களும் கால் வையுங்கள்.