ஊட்டநிலை நீங்கிய வரலாறு: கல்லீரல் இழைநார் வளர்ச்சியில் நோய் முன்கணிப்பு அளவீடுகள்

முன்னுரை

சிரோசிஸ் என வழங்கும் கல்லீரல் இழைநார் வளர்ச்சிக்கு அப்பெயரை இட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக் ஆவார். 1819இல் வெளிவந்த தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் இப்பெயரை ஆக்கினார். இது பிணக்கூறாய்வில் கண்ட நிறத்தைக் கொண்டு அமைந்த பெயர். உயிரோடிருக்கும் நோயாளி எத்துணைக் காலம் வாழ்வார் என்னும் வினாவுக்கு அது விடை தரவில்லை. அவ்விடையைத் தேடிய அளவீடுகளில் ஊட்டநிலை என்னும் காரணி அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐந்தில் ஒன்றாக

1941இல் பேட்டக், போஸ்ட் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் சத்துணவையும் வைட்டமின் பி தொகுதியையும் இந்நோய்க்குச் சிகிச்சையாக அளித்து, அதன் பயனை வெளியிட்டனர். மறு ஆண்டில் ராட்னாஃப், பேட்டக் இருவரும் 386 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு நோயின் இயல்பான போக்கை விவரித்தனர். உடல் மெலிவு நோயின் போக்கோடு பிணைந்தது என்னும் பார்வை அக்காலத்தில் வலுவாக இருந்தது.

கல்லீரல் வாயிற்சிரையின் அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையை யார் தாங்குவர் என அறிய, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சைல்டு, டர்காட் ஆகியோர் 1964இல் ஐந்து காரணிகளை முன்வைத்தனர். பிலிரூபின், அல்புமின், வயிற்றில் நீர் தேங்குதல், மூளைச் செயல் குலைவு, ஊட்டநிலை என்பனவே அவை. 1973இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் பியூ குழுவினர் ஊட்டநிலையை நீக்கி, குருதி உறையும் நேரத்தை அவ்விடத்தில் வைத்தனர். 'நன்று', 'குறைவு' என்பன காண்பவர் கண்ணைச் சார்ந்தவை; உறையும் வினாடிகளோ எண்ணத்தக்கவை. ஆயினும் தேங்கிய நீர் 'சிறிது', 'மிதம்' என்பதும் மருத்துவரின் மதிப்பீடே. அது நீடித்தது, ஊட்டநிலை மட்டுமே வெளியேறியது.

வரிசையை முடிவுசெய்யும் எண்

2000இல் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் உருவாக்கிய மெல்டு அளவீடு, கல்லீரலுக்குள் குழாய் பொருத்தி அழுத்தம் தணிக்கப்பட்ட நோயாளிகளின் ஆயுளைக் கணிக்க எழுந்தது. நோயின் காரணமும் தொடக்கத்தில் அதில் இடம்பெற்றது. பின்னர் அது விடப்பட, பிலிரூபின், குருதி உறைதல் விகிதம், கிரியாட்டினின் ஆகிய மூன்றே எஞ்சின. 2002 பிப்ரவரியில் அமெரிக்கா இதனை மாற்றுக் கல்லீரல் வழங்கும் அளவுகோலாக ஏற்றது. அதுவரை காத்திருந்த காலத்துக்கு இருந்த முதன்மை, நோயின் கடுமைக்கு மாறியது. ஆய்வகம் தரும் எண்களில் மருத்துவரின் சார்புக்கு இடம் குறைவு என்பது இதன் மறுக்கவியலாச் சிறப்பு.

எனினும் கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாகும் பொருள். தசை குறைந்தவரிடம் சிறுநீரகம் பழுதுற்றாலும் அதன் அளவு பெரிதும் உயர்வதில்லை. ஆகவே, மெலிந்த நோயாளி உண்மையினும் நலமானவராகக் கணக்கில் தோன்றினார். 1964இல் ஆபத்தின் அடையாளமாக எண்ணப்பட்ட மெலிவு, இப்போது ஆபத்தை மறைக்கும் திரையாயிற்று. இதனால் மிகவும் பாதிக்கப்பட்டோர் பெண்கள். இயல்பாகவே தசை குறைந்த அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிட்டியது. 2002க்குப் பின்னர்க் காத்திருப்போர் பட்டியலில், ஆண்களைவிடப் பெண்கள் மாற்றுக் கல்லீரல் பெறும் வாய்ப்புக் குறைந்தும், இறக்கும் வாய்ப்பு மிகுந்தும் இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. உடல் அளவு போன்ற பிற காரணங்களும் இதில் உண்டு என்பதை மறத்தலாகாது.

2016இல் சோடியம் கணக்கில் சேர்ந்தது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மெல்டு 3.0, பெண்களுக்கு 1.33 புள்ளிகளைக் கூட்டியது. கிரியாட்டினினின் உச்சவரம்பை 4.0இலிருந்து 3.0ஆகக் குறைத்தது, அல்புமினையும் சேர்த்துக்கொண்டது. தசையின் அளவைக் கணினிவழிக் குறுக்குவெட்டுப் படத்தில் இன்று எண்ணாகவே கணக்கிடலாம். எனவே பழைய தடை இனி இல்லை. ஆயினும் சுருங்கிய தசைக்கு அவ்வளவீட்டில் இன்னும் தனி இடமில்லை.