எஸ். எஸ். ராஜேந்திரன் (1928–2014)

தமிழ் நாடக மேடையில் சிறுவனாக நடிக்கத் தொடங்கி, 1952 முதல் திரைப்படங்களில் கதாநாயகனாகவும் இணைக் கதாநாயகனாகவும் விளங்கி, ‘இலட்சிய நடிகர்’ என்ற பட்டத்தோடு அறியப்பட்ட எஸ். எஸ். ராஜேந்திரன், மதுரை மாவட்டம் சேடபட்டியில் 1928 சனவரியில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்துகளுள் முதலாவது ஊரையும் இரண்டாவது தந்தை சூரியநாராயணத் தேவரையும் குறிக்கும். இரசிகர்களும் கட்சிக்காரர்களும் அவரை எஸ். எஸ். ஆர். என்றே அழைத்தனர். நடிகராக மட்டுமன்றி நாடக மன்ற உரிமையாளராகவும், படத் தயாரிப்பாளராகவும், இயக்குநராகவும், சட்டமன்ற உறுப்பினராகவும், மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தவர் அவர்.

மதுரையிலிருந்து மேற்கே நாகமலைத் தொடரை ஒட்டி நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி வழியாக உசிலம்பட்டியை அடைந்து, ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடந்து தேனிக்குப் போகும் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, மானாவாரிப் புன்செய் நிலங்கள் மிகுந்த பகுதியில் சேடபட்டி அமைந்துள்ளது. மதுரைச் சீமையின் இந்த மேற்குப் பகுதியில் ஊர்த் திருவிழா என்றால் நாடகம் உண்டு என்பது இன்றளவும் மாறாத வழக்கம். திருவிழாக் குழுவினர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்து வரவழைக்க, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையில் ஒன்றுசேர்ந்து அவர்கள் விடிய விடிய நடத்தும் ஆட்டம் ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும். இத்தகைய நடிகர்களுக்கான சங்கம் மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் இயங்கிவருகிறது. ஆனால் ராஜேந்திரன் உருவானது இந்த மரபிலன்று. அதற்கு நேர்மாறான கட்டுப்பாடு கொண்ட பாலர் நாடக சபை மரபில்.

பாலர் சபை அல்லது ‘பாய்ஸ் கம்பெனி’ என்பது ஆண், பெண் வேடங்கள் அனைத்தையும் சிறுவர்களே ஏற்று நடித்த, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்கிய தொழில்முறைக் குழுவாகும். நாடகத் தமிழின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவ்வகைக் குழுக்களுள் புகழ்பெற்றது. அதில் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்ற பெயரில் சொந்தக் குழு அமைத்தனர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், ஏ. பி. நாகராஜன் போன்றோரை வளர்த்த இக்குழுவில்தான் ராஜேந்திரனும் சேர்ந்தார்.

கம்பெனி வாழ்க்கை பள்ளிக்கூடமும் விடுதியும் ஒன்றாகக் கலந்தது. உணவும் உறைவிடமும் குழுவைச் சேர்ந்தவை. ‘வாத்தியார்’ எனப்பட்ட நாடக ஆசிரியர் சொல்லச் சொல்லச் சிறுவர்கள் பாடத்தை, அதாவது தம் வேடத்துக்குரிய வசனத்தையும் பாட்டையும், நெட்டுருப் போட வேண்டும். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி அதைச் சொல்ல வேண்டும். லகர, ளகர, ழகரம் பிசகினால் அடி விழும். பருவ வயதில் குரல் உடையும் ‘மகரக்கட்டு’ வந்தபோது பாடகச் சிறுவர்கள் பலர் வேடமிழந்து வெளியேறினர். பாட்டைவிட வசனத்தை நம்பிய நடிகர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. ராஜேந்திரன் இரண்டாம் வகையினர். கணீரென்ற குரல், சொல் சிதையாத உச்சரிப்பு, நீண்ட வாக்கியத்தை மூச்சு தெரியாமல் ஏற்றி இறக்கும் பயிற்சி ஆகிய மூன்றும் அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் முதலாயின. அவருடைய குறை என்று சொல்லத்தக்கதும் இப்பயிற்சியிலிருந்தே வந்தது. அதைப் பின்னர்க் காணலாம்.

அவர் இளைஞரான காலம் தமிழ் நாடகம் உருமாறிய காலம். புராணக் கதைகளின் இடத்தைச் சமூகக் கதைகள் பிடிக்க, பாட்டின் இடத்தை அடுக்குமொழி வசனம் பிடித்தது. சி. என். அண்ணாதுரை தாமே நாடகங்கள் எழுதி நடித்தார். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய பின் நாடக மேடையும் கட்சி மேடையும் பல ஊர்களில் ஒன்றாகவே இருந்தன. கடவுள் மறுப்பும் சமூகச் சீர்திருத்தமும் பேசிய அக்கட்சியில் ராஜேந்திரன் தீவிரமாக ஈடுபட்டார். புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று அவர் மேற்கொண்ட கொள்கையே ‘இலட்சிய நடிகர்’ என்ற பட்டத்துக்குக் காரணமாயிற்று. பக்திப் படங்கள் நிச்சய வசூலாகக் கருதப்பட்ட தொழிலில் இம்முடிவு இழப்பின்றி எடுக்கக் கூடியதாக இருந்திருக்க முடியாது.

திரையில் அவருக்குப் பெயர் தந்தது, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதி, 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’. மதுரையில் வாழும் தங்கையின் திருமணத்துக்காக ரங்கூனிலிருந்து புறப்பட நினைக்கும் மூன்று அண்ணன்மார், உலகப் போரால் சிதறிப்போவதே கதை. அவர்களுள் நடு அண்ணனான ஞானசேகரன் போரில் ஒரு காலை இழந்து, தாயகம் வந்து, பிச்சைக்காரர்களை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைப்பவன். சிவாஜி கணேசனின் முதற்படம் என்பதால் அவர் ஏற்ற குணசேகரனின் நீதிமன்றப் பேச்சே இன்றும் பேசப்படுகிறது. எனினும் கட்டைக்கால் ஊன்றி, இரக்கம் கேட்காமல் உரிமை கேட்கும் பிச்சைக்காரனாக ராஜேந்திரன் வரும் காட்சிகள், படத்தின் அரசியலைக் கதையோடு இன்னும் இயல்பாகப் பிணைக்கின்றன. மூன்று சகோதரர்களாக நடித்த சகஸ்ரநாமம், ராஜேந்திரன், கணேசன் மூவருமே பாலர் சபைகளில் வளர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆசியாவின் மிகப் பெரிய திரையரங்கு என்று மதுரை மக்கள் பெருமை பேசிய, 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட தங்கம் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் இந்தப் படமே.

அதே ஆண்டு என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ வந்தது. 1954இல் எம். ஆர். ராதாவின் ‘இரத்தக்கண்ணீ’ரில் நாயகனின் நண்பன் பாலுவாக நடித்தார். ராதாவின் ஆர்ப்பாட்டமான நையாண்டிக்கு எதிரே எவரும் காணாமற்போகக்கூடிய அப்படத்தில், அடக்கமான நேர்மையைக் காட்டியே தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். கருணாநிதி எழுதி ஏ. பீம்சிங் முதன்முதலாக இயக்கிய ‘அம்மையப்பன்’ (1954) அவரைக் கதாநாயகனாக்கியும் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. முக்தா வி. சீனிவாசனின் முதற்படமான ‘முதலாளி’ (1957) அந்த வெற்றியைத் தந்தது. மேடை நாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட இக்கதையில், தொழிலாளர்களின் நிலையை அறிய விரும்பும் முதலாளியாக அவர் நடித்தார். தேவிகா கதாநாயகியாக அறிமுகமானதும் இதில்தான். அடுத்த ஆண்டு ஏ. கே. வேலனின் ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ வெற்றி பெற, அவர் முன்னணி நாயகர்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டார்.

1959ஆம் ஆண்டின் ‘சிவகங்கைச் சீமை’ தனித்துச் சொல்ல வேண்டியது. கவிஞர் கண்ணதாசன் தயாரித்த இப்படம் மருது சகோதரர்களின் வரலாற்றைக் கூறுவது. ராஜேந்திரன் ஏற்றது முத்தழகு என்ற வீரனின் வேடம். பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் வெள்ளையத்தேவன் வேடம் முதலில் தமக்கு வந்தபோதும் கண்ணதாசனுக்காக அதை அவர் மறுக்க, அவ்வேடம் ஜெமினி கணேசனுக்குச் சென்றது. இரு படங்களும் 1959 மே மாதத்தில் சில நாள் இடைவெளியில் வெளியாயின. கட்டபொம்மன் வண்ணத்திலும் சிவாஜி கணேசனின் முழக்கத்திலும் நாட்டையே கவர்ந்தது. கருப்பு வெள்ளைச் சிவகங்கைச் சீமையின் வசூல் அதன் முன் நிற்கவில்லை. வணிகக் கணக்கில் ராஜேந்திரனின் தவறான முடிவு இது என்று பலர் கூறினாலும், திரைப்பட வரலாற்றில் அந்தப் படத்துக்கு உரிய மதிப்பு குறைந்துவிடவில்லை.

1961 முதல் 1966 வரையிலான ஆறு ஆண்டுகளே அவருடைய நடிப்பின் உச்சம். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘குமுதம்’ (1961), கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் முதற்படமான ‘சாரதா’ (1962), ஏவி.எம்மின் ‘நானும் ஒரு பெண்’ (1963) ஆகிய மூன்றிலும் அவருக்கு இணையாக நடித்த விஜயகுமாரி, வாழ்க்கையிலும் அவருடைய துணைவியானார். ‘சாரதா’வில், திருமணமான சிறிது காலத்தில் நேர்ந்த விபத்தால் இல்லற வாழ்வுக்குத் தகுதியிழந்த பேராசிரியர், மனைவிக்கு மறுமணம் செய்துவைக்க முனைகிறார், அவளோ மறுக்கிறாள். உடற்குறையை நாயகனிடம் வைத்துக் கதை சொல்வதே அன்றைய தமிழ்ப் படத்தில் அரிது. தன்மானமும் குற்றவுணர்வும் மாறி மாறி வதைக்கும் ஒருவனைக் குரலை உயர்த்தாமலேயே ராஜேந்திரன் காட்டியிருப்பது அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு என்று துணிந்து கூறலாம். ‘நானும் ஒரு பெண்’ணில், கருநிறம் காரணமாக அவமதிக்கப்படும் மனைவியின் கணவராக நடித்தார், அப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

சிவாஜி கணேசனோடு இணைந்து நடித்த படங்கள் வேறொரு வகை. ‘ஆலயமணி’ (1962), ‘பச்சை விளக்கு’ (1964), ‘கை கொடுத்த தெய்வம்’ (1964), ‘பழனி’ (1965), ‘சாந்தி’ (1965) ஆகியவற்றில் நண்பனாகவோ தம்பியாகவோ தங்கையின் கணவனாகவோ வரும் அவர், கதையின் பாதிப் பாரத்தைச் சுமந்தும் விளம்பரத் தட்டியில் இரண்டாம் பெயராக நின்றார். இதற்கு அவருடைய நடிப்பு முறையும் ஒரு காரணம். நின்ற இடத்தில் நின்று சொல்லால் நடிக்கும் மேடைப் பயிற்சி பெற்ற அவருக்கு, நடனமும் சண்டையும் உடல் துள்ளலும் இயல்பாக வரவில்லை. 1964, 1965ஆம் ஆண்டுகளில் ரவிச்சந்திரனும் ஜெய்சங்கரும் அறிமுகமாகி வேகமான காதல், துப்பறியும் படங்கள் பெருகியபோது, வசனத்தை நம்பிய நாயகனுக்குரிய கதைகள் குறைந்துபோயின.

இதே காலத்தில் வெளிவந்த ‘பூம்புகார்’ (1964) அவருக்கு நிலையான புகழைத் தந்தது. சிலப்பதிகாரக் கதையைக் கருணாநிதி திரைக்கதையாக்க, பி. நீலகண்டன் இயக்கிய அப்படத்தில் ராஜேந்திரன் கோவலனாகவும் விஜயகுமாரி கண்ணகியாகவும் கே. பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகவும் நடித்தனர். பாண்டியன் அவையும் எரியூட்டலும் மதுரைக்கு உரியவை என்பதால், இப்பகுதிக் கொட்டகைகளில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஓடிய படங்களுள் இதுவும் ஒன்றாக இருந்தது இயல்பே. முரசொலி மாறன் இயக்கிய ‘மறக்க முடியுமா?’ (1966) கருணாநிதி–ராஜேந்திரன் கூட்டணியின் மற்றொரு குறிப்பிடத்தக்க படம்.

திரையில் புகழ்பெற்ற பின்னும் அவர் மேடையை விடவில்லை. எஸ். எஸ். ஆர். நாடக மன்றம் என்ற குழுவை நடத்தி, கருணாநிதியின் ‘மணிமகுடம்’ உள்ளிட்ட நாடகங்களை அரங்கேற்றினார். பின்னாளில் ‘ஆச்சி’ எனப் புகழ்பெற்ற மனோரமா, திரைக்கு வருமுன் இம்மன்றத்தின் நாடகங்களில் நாயகியாக நடித்தவர். ‘மணிமகுட’த்தை 1966இல் ராஜேந்திரனே படமாக இயக்கி நடித்தார்; ‘தங்கரத்தினம்’ (1960), ‘அல்லி’ (1964) ஆகியனவும் அவருடைய இயக்கத்தில் வந்தவை. நடிகராக அவர் எட்டிய உயரத்தை இயக்குநராக எட்டவில்லை.

1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தி.மு.க. வேட்பாளராகத் தேனித் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். அன்று தேனி மதுரை மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. மக்கள் வாக்களித்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய முதல் இந்தியத் திரைப்பட நடிகர் என்று இதனால் அவர் குறிக்கப்பெறுகிறார். கே. பி. சுந்தராம்பாள் 1951லேயே மேலவை உறுப்பினரானவர் எனினும் அது நியமனத்தால் வந்த பதவி, எம். ஜி. ஆர். பரங்கிமலையில் வென்றது 1967இல். அமெரிக்காவில் ஜார்ஜ் மர்ஃபி செனட்டுக்கும் ரொனால்ட் ரீகன் கலிஃபோர்னிய ஆளுநர் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது முறையே 1964, 1966இல் என்பதை ஒப்புநோக்கினால் இதன் காலமுந்தல் விளங்கும். நடிகர்களின் அரசியலைப் பற்றி எழுதுவோர் நேரே எம். ஜி. ஆரில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது வரலாற்று வரிசைக்குப் பொருந்தாது.

1970 முதல் 1976 வரை தி.மு.க. சார்பில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். பின்னர் அ.தி.மு.க.வில் சேர்ந்து 1980இல் ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். எம். ஜி. ஆர். 1984இல் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே போட்டியிட்டு வென்றதும் இத்தொகுதியிலேயே. அதன்பின் ராஜேந்திரனின் அரசியல் வாழ்க்கை மங்கியது. திரையிலும் அவ்வப்போதுதான் தோன்றினார். ‘நான் வந்த பாதை’ என்ற தலைப்பில் தன்வரலாறு எழுதியுள்ளார். நுரையீரல் தொற்றால் பாதிக்கப்பட்டுச் சென்னை மருத்துவமனையில் 2014 அக்டோபர் 24ஆம் நாள் தமது 86ஆம் வயதில் காலமானார்.