எலெக்ட்ரான் நுண்ணாய்வி

எலெக்ட்ரான் நுண்ணாய்வி என்பது பாறையிலுள்ள கனிமங்களின் வேதிச் சேர்மானத்தை, அவை இருக்கும் இடத்திலேயே வைத்து அளக்கும் ஆய்வகக் கருவி. ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமுள்ள எலெக்ட்ரான் கற்றையைக் கனிமத்தின் மேல் பாய்ச்சி, அப்போது வெளிப்படும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு தனிமங்களின் அளவை இது கணிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாறைப் பகுப்பாய்வு பெரும்பாலும் ஈரமுறை வேதியியலையே நம்பியிருந்தது. பாறையைத் தூளாக்கிக் கரைத்து, தனிமங்களை ஒவ்வொன்றாக வீழ்படிவாக்கி எடைபோட வேண்டும். ஒரு மாதிரிக்கே பல நாட்களாகும். தூளாக்கியதும், எந்தத் தனிமம் கனிமத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்ற தடயம் அழிந்துவிடும்.

ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் எக்ஸ் கதிர்களை வெளியிடுகிறது. அந்த அலைநீளங்கள் அணு எண்ணுக்கேற்ப ஒழுங்காக மாறுவதை ஹென்றி மோஸ்லி 1913இல் கண்டறிந்தார். ஆந்த்ரே கினியேயின் வழிகாட்டலில் ரேமோன் காஸ்தேன் முதல் நுண்ணாய்வியை உருவாக்கினார். கதிர்ச்செறிவிலிருந்து தனிம அளவைக் கணக்கிடும் முறையையும் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு 1951இல் அளித்த ஆய்வேட்டில் வகுத்தார். 1950களின் இறுதியில் பிரான்சின் கமேக்கா நிறுவனம் இக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆய்வுக்கான பாறை கண்ணாடிச் சில்லில் ஒட்டப்பட்டு, சுமார் 30 மைக்ரான் தடிப்புக்குத் தேய்த்து மெருகேற்றப்படுகிறது. கனிமங்களில் பெரும்பாலானவை மின்கடத்தா என்பதால் மேலே மெல்லிய கார்பன் பூச்சு இடப்படுகிறது. வெற்றிடத்தில், வழக்கமாக 15 கிலோவோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் அதைத் தாக்குகின்றன. நிறமாலைமானியின் படிகங்கள் கதிர்களை அலைநீள வாரியாகப் பிரிக்கின்றன. சேர்மானம் தெரிந்த நியமப் பொருளுடன் ஒப்பிட்டு, கதிர்கள் கனிமத்துக்குள்ளேயே உறிஞ்சப்படுவது போன்ற விளைவுகளுக்குத் திருத்தம் செய்தபின் முடிவு கிடைக்கிறது.

உருமாறிய பாறைகளின் ஆய்வில் இதன் பயன் பெரிது. கார்னெட் மணி ஒன்றின் நடுவிலிருந்து விளிம்புவரை வரிசையாக அளந்தால், பல பாறைகளில் நடுப்பகுதியில் மாங்கனீசு மிகுந்தும் விளிம்பை நோக்கிக் குறைந்தும் இருப்பது தெரியும். மணி வளர்ந்த வரலாறு அதில் பதிந்திருக்கிறது. கார்னெட்டும் அதை ஒட்டிய பயோடைட்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் பகிர்ந்துகொண்ட விகிதத்திலிருந்து, அவை உருவான வெப்பநிலையைக் கணிக்கலாம். 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவுப் பாறைகளும் இக்கருவியால் ஆராயப்பட்டன.

ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இக்கருவியால் அளக்க முடியாது. பத்து லட்சத்தில் நூறு பங்குக்கும் குறைவான தனிமங்களை அளப்பதும் பொதுவாகக் கடினம். அத்தகைய அளவீடுகளுக்கு, காஸ்தேனும் ஜார்ஜ் ஸ்லோட்சியனும் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய அயனி நுண்ணாய்வியின் வழிவந்த கருவிகளும், லேசர் கொண்டு இயங்கும் நிறைநிறமாலைமானிகளும் பயன்படுகின்றன.