முதல் பக்கமும் பூட்டிய டிராயிங்கும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் தேடுபொறி மாற்றங்கள், 1998–2024

1998 செப்டம்பர் 4ஆம் தேதி கலிஃபோர்னியாவில் கூகுள் ஒரு நிறுவனமாகப் பதிவானது. அதே மாதம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்துச் சிறு பட்டறைக்காரர் ஒருவரின் அடுத்த கால் நூற்றாண்டை எழுதப் புகுந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் இடம்பிடிக்க வேண்டிய பட்டியல்கள் இரண்டு. ஒன்று, பெரிய கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட வெண்டர் பட்டியல். வெளியார் கண்ணில் படாதது. இன்னொன்று, கூகுளின் முதல் பக்கம், யாரும் பார்க்கலாம். தேடுபொறியில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் எதைச் சாட்சியாக ஏற்பது என்பதை மாற்றியது. பட்டறையின் உண்மையான சாட்சியம் முதல் பட்டியலுக்குள் பூட்டிக் கிடப்பதால் இரண்டாவதில் அது செல்லுபடியாகவே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் பட்டியலின் நடைமுறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பர்ச்சேஸ் மேனேஜர் விலை கேட்கிறார். தரப் பிரிவு ஆட்கள் பட்டறைக்கு வந்து ஆடிட் செய்கிறார்கள். சாம்பிள் கொடுத்து, அளவெடுத்து, ஒப்புதல் வாங்கிய பிறகே ஆர்டர். டிராயிங் கம்பெனியின் சொத்து. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் அதை வாங்க முடியும். ஆள் தேடுவதற்கு அன்று வேறு வழிகள் இருந்தன: மஞ்சள் பக்கங்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் ஆக்மி இயந்திரக் கண்காட்சி, எல்லாவற்றுக்கும் மேலாக முன்பு ஒன்றாக வேலை பார்த்தவரின் போன் நம்பர். இந்தச் சூழலில் வெப்சைட் என்பது விசிட்டிங் கார்டின் நீட்சி. ஃபிளாஷில் சுழலும் லோகோ, ஐ.எஸ்.ஓ. சான்றிதழின் ஸ்கேன், டைப் செய்த மெஷின் லிஸ்ட்டையும் ஸ்கேன் எடுத்து ஒட்டிய ஒரு படம். படமாக ஒட்டிய எழுத்தை அன்றைய தேடுபொறியால் படிக்க முடியாது. யாரும் தேடி வராதவரை அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

தேட வேண்டிய தேவை வட்டாரம் பெருத்தபோது வந்தது. 2006இல் நோக்கியா, 2007இல் சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலை. இவற்றைச் சுற்றி வளர்ந்தது உதிரிபாகத் தொழில் மட்டுமல்ல. மரப் பேலட், பேக்கிங், கேன்டீன், ஷிஃப்ட் வேன், ஆள் சப்ளை, பிளாட் விற்பனை எல்லாம் கூடவே வந்தன. வெண்டர் பட்டியலில் இல்லாத இவர்களுக்குத்தான் முதல் பக்கம் முதலில் தேவைப்பட்டது.

கூகுளின் நிறுவனர்கள் 1998இல் எழுதிய ஆய்வுரையின் அடிப்படை எளியது: ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் தரும் இணைப்புகள் ஓட்டு மாதிரி, கனமான பக்கம் தரும் ஓட்டுக்குக் கனம் அதிகம். ஓட்டுக்கு மதிப்பு வந்தால் ஓட்டுக்கு விலையும் வரும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துடறோம் சார்’ என்று மாதக் கட்டணம் பேசிய எஸ்.இ.ஓ. ஏஜென்சிகள் பல, கட்டுரைக் கிடங்குத் தளங்களிலும் டைரக்டரிகளிலும் நூற்றுக்கணக்கில் இணைப்புகளை நட்டன. 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்ற மாற்றம் இரவல் எழுத்துக் கிடங்குகளைக் கீழே தள்ளியது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காடு பாதிக்கப்பட்டதாகக் கூகுளே சொன்னது. 2012 ஏப்ரல் 24 அன்று வந்த பென்குயின் விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது.

பென்குயினின் கடுமை அடியில் இல்லை, காத்திருப்பில் இருந்தது. தப்பான இணைப்புகளை அகற்றினாலும் கூகுள் அந்த வடிகட்டியை அடுத்த முறை ஓட்டும்வரை தளத்துக்கு விடிவில்லை. 2014 அக்டோபர் 17இல் ஒருமுறை ஓட்டினார்கள். அடுத்தது 2016 செப்டம்பர் 23. இடையில் ஏறக்குறைய இரண்டு வருடம். வட்டாரத்துக் காலண்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரித் தகராறில் சிக்கியிருந்ததால் அந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருந்த சப்ளையர் புது ஆளைத் தேடித் தெருவுக்கு வந்த அதே மாதங்களில், ஏஜென்சி நட்ட இணைப்புகள் அவர் தளத்துக்கு இருந்திருந்தால், முதல் பக்கத்துக் கதவும் இரண்டு வருடத்துக்குச் சாத்தியிருக்கும். வெண்டர் ஆடிட்டில் தவறினால் குறை எது என்று தாளில் எழுதித் தருவார்கள், திருத்திக்கொள்ளத் தவணையும் உண்டு. இங்கே எழுத்துமில்லை, தவணையுமில்லை. 2016க்குப் பிறகு பென்குயின் இடைவிடாமல் ஓடும்படி மாற்றப்பட்டது நியாயமான திருத்தம்தான். தாமதமான திருத்தம் என்பதும் உண்மை.

இதைவிட இந்த ஊர்களுக்கே உரிய விஷயம் ஊர்ப்பெயர்ப் பக்கங்கள். ‘ஒரகடத்தில் சிறந்த சி.என்.சி. மெஷினிங் சேவை வேண்டுமா? ஒரகடத்தில் இருபது ஆண்டு அனுபவம் உள்ள எங்களை அணுகுங்கள்’ என்று ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் ஒரகடம் என்ற இடத்திலெல்லாம் இருங்காட்டுக்கோட்டை. அதற்கடுத்து வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம். வாக்கியம் மாறாது, தொலைபேசி எண் மாறாது, இருபது ஆண்டும் மாறாது. பட்டறை இருப்பதோ இவற்றில் ஒரே ஊரில். ஸ்ரீபெரும்புதூரை ஆங்கிலத்தில் எழுதும் ஒவ்வொரு விதத்துக்கும் தனிப் பக்கம் போடுவதும் நடந்தது. பிளாட் விற்பவர்கள் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் கணக்கில் ஒரகடம் எந்த இடத்திலிருந்தும் பதினைந்து நிமிடம். இப்படிப்பட்ட வாசல் பக்கங்களைத் தரமிறக்கப் போவதாக 2015 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. பெயரை மட்டும் மாற்றிய பக்கங்களுக்கு இறங்குமுகம் அதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

2015 ஏப்ரல் 21இல் கைபேசியில் சரியாகத் தெரியாத பக்கங்கள் கைபேசித் தேடலில் பின்னுக்குப் போயின. ஃபிளாஷ் லோகோவின் காலமும் அத்தோடு முடிந்தது. 2018 ஜூலையில் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களைக் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டத் தொடங்கியது. இவை செலவு வைத்தவை, அவ்வளவுதான். 2019இல் வந்த பெர்ட், சொற்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் வாக்கியமாகப் புரிந்துகொள்ளும் முறை. அந்த ஆண்டு டிசம்பரில் விரிவாக்கப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. ஷிஃப்டுக்கு வந்தவர் தங்க ரூம் தேடித் தமிழில் பேசிக் கேட்கலாம். பதில் சொல்லத் தமிழில் பக்கம் வேண்டுமே! வட்டாரத்து வெப்சைட்டுகள் ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலத்தில்.

உள்ளூர்த் தேடலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். தூரம் என்பது பஞ்சர் கடைக்கும் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கும் வரம். டை என்ற அச்சு செய்பவருக்கு அப்படியல்ல. அவருடைய வாடிக்கையாளர் புனேயிலோ ஸ்டுட்கார்ட்டிலோ உட்கார்ந்து தேடுகிறார். அப்படித் தேடும்போது முன்னால் வந்து நிற்பவை 1996இல் தொடங்கிய இந்தியாமார்ட் போன்ற தொகுப்புத் தளங்கள். பட்டறைக்காரர் அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டி, அதே விசாரணையை வேறு நாலு பேரோடு பங்கிட்டுக்கொள்கிறார்.

வரிசை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற கேள்வி இந்தியாவில் சட்ட மேடைக்குப் போனதில் சென்னைக்குப் பங்குண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனமும் நுகர்வோர் அமைப்பான கட்ஸும் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தன. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2010க்கு முன் படம், செய்தி, வரைபடம் கலந்த முடிவுகள் பொருத்தத்தைப் பார்க்காமல் 1, 4, 10 என்ற இடங்களில் முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருந்தன என்பது அதில் ஒரு கண்டறிதல். முதல் பக்கம் இயற்கையாக விளைவது என்ற எண்ணத்தை உடைத்ததற்காகவே அந்த ஆணையை ஏஜென்சிக்காரர்கள் படிக்க வேண்டும். ஒருவர் பெயரைத் தேடினால் போட்டியாளர் விளம்பரம் வருவது பற்றிய புகாரை ஆணையம் ஏற்கவில்லை.

2022 ஆகஸ்டில் ‘உதவும் உள்ளடக்கம்’ என்ற மாற்றம் வந்தது; அதே ஆண்டு டிசம்பரில் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் அனுபவம் என்ற அளவுகோல் சேர்ந்தது. 2024 மார்ச் 5இல் தொடங்கிய மையப் புதுப்பிப்பு முடிய 45 நாள் ஆனது. அந்த ஆகஸ்டில் செய்யறிவு எழுதும் சுருக்கங்கள் இந்தியத் தேடல்களின் தலையில் வந்து உட்கார்ந்தன; கேட்டவர் எந்தத் தளத்துக்கும் போகாமலே திரும்பிவிடலாம்.

நேரடி அனுபவத்தைக் காட்டு என்று தேடுபொறி கேட்கிறது. பட்டறைக்காரரிடம் அது தவிர வேறென்ன இருக்கிறது? பத்து மைக்ரானுக்குள் துளை போட அவர் செய்த ஃபிக்ஸ்சர், அலுமினியம் வளையாமல் பிடிக்கக் கண்ட வழி, ரிஜெக்‌ஷன் குறைந்த கதை. ஆனால் டிராயிங் அவருடையதல்ல, பாகமும் அவருடையதல்ல, பல ஒப்பந்தங்களில் வாடிக்கையாளர் பெயரைச் சொல்வதற்கும் தடை. எழுதக்கூடியது மேஜை அளவு, டன்னேஜ், எந்த உலோகம், எந்த அளவுக் கருவி, அது கடைசியாக எப்போது காலிபரேஷன் ஆனது என்பவை. இவற்றைப் படமாக அல்லாமல் எழுத்தாகப் போட்டாலே பலன் உண்டு. பலர் இன்னும் போடவில்லை. கேலரி பக்கத்தைத் திறந்தால் வி.எம்.சி. மெஷின் பளபளவென்று துடைத்து நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, வைஸ் காலியாக இருக்கிறது. படம் எடுப்பதற்கு முன் ஜாபைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.