லயத்திலிருந்து வாடகை வீட்டுக்கு

லூமுட், சித்தியவான் பக்கம் வாடகை வீடு தேடி அலைகிற பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு: "நாங்கள் வாடகையே கொடுக்காமல் வாழ்ந்தோமே, உங்களுக்கு ஏன் இந்தப் பாடு?" கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நேயர்களே, வாடகை இல்லாத அந்த வீட்டின் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

லூமுட்டே கைமாறிய ஊர். 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு டிண்டிங்ஸ் பகுதி வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1935-இல்தான் பேராவுக்குத் திரும்பியது. சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் எழும்பின. பால்மரம் வெட்ட வந்தவர்களுக்கு லயத்தில் வீடு கிடைத்தது. வீடு கிடைத்ததே தவிர, அது அவர்களுடையதல்ல. வாடகைச் சீட்டு இல்லை, ஒப்பந்தமும் இல்லை. வேலை போனால் வீடும் போகும். அப்பா ஓய்வு பெறும் வயது வந்தால், வீட்டைக் காப்பாற்றவே ஒரு பிள்ளை படிப்பை விட்டு வெட்டுக்குப் போன குடும்பங்கள் எத்தனை! நம்மவர் கொடுத்த வாடகை அதுதான் என்பேன்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையும் கூரையும் ஒரே நாளில் பறிபோயின. 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்குப் பதிலாக எழுந்ததுதான். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். பின்னர் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் காலியாயின.

நகரத்தில் வேறு கதை. 1948-க்கு முன் கட்டிய பழைய கட்டடங்களில் வாடகையை ஏற்ற முடியாதபடி 1966-ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது. அந்தப் பாதுகாப்பு 1999 இறுதியோடு முடிந்தது. தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு அதனால் பெரிய பயன் இருந்ததில்லை; அவர்கள் போனது புதிய தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும்.

லூமுட்டில் கடற்படைத் தளமும் பிறகு மஞ்சோங் மின்நிலையமும் வந்ததில் வீட்டுத் தேவை கூடியது. மாத வாடகை 800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முன்பணம் ஒரு மாதம்: சாவி கைக்கு வருமுன் 2,800 ரிங்கிட் வேண்டும்.

பணம் இருந்தாலும் போதாது. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்ற பதிலை நானும் கேட்டிருக்கிறேன். அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும். தனியார் வீட்டுக்காரரை அது தொடாது.

ஒன்று மட்டும் லயத்தில் இல்லாதது இன்று உண்டு. 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, குடியிருப்பவர் தாமாக வெளியேறாவிட்டால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றி வாசலில் சாமானை வைத்தால் வழக்குப் போடலாம். ஆகவே ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், முத்திரை வரி கட்டுங்கள், ஒவ்வொரு மாத ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.